பழையனூர் நீலியை நாயகியாக்கினால் அந்த எழுபது பேரை என்ன செய்வது?

மைக்கூடு:

வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருநூறு பக்கம் வரை நன்றாகத்தான் ஓடியது, இப்போது மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். நாயகி பழையனூர் நீலி. ஆமாம், நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலியேதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். செத்தவள் பேயாகி அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வணிகனாகப் பழையனூர்ப் பக்கம் வரும்போது ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் புருஷன் எங்களைத் தவிக்க விட்டுவிட்டுப் போகிறார்' என்று அழுதபடி ஊர்ச்சபைக்கு முன்னால் போய் நிற்கிறாள். அவனோ இவள் என் மனைவியே இல்லை, பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறது என்று கதறுகிறான். சபையில் எழுபது வேளாளர்கள். குழந்தையைக் கீழே விடச் சொல்கிறார்கள், அது நேரே அவனிடம் போய் 'அப்பா' என்கிறது, அத்தோடு தீர்ப்பு முடிந்தது. இன்று இரவு இவளோடு தங்கு, உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குழி மூட்டி இறங்கிவிடுகிறார்கள்.

என் சிக்கல் இதுதான். கொலையானவள் பக்கம் நின்று எழுதுவது கஷ்டமே இல்லை, முதல் அத்தியாயத்திலேயே வாசகர் அவள் பக்கம் வந்துவிடுவார். அவன் சாவதும் நியாயமாகவே படும். ஆனால் அந்த எழுபது பேர்? அவர்கள் யாரையும் கொல்லவில்லை. அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை நம்பினார்கள், அவ்வளவுதான்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் அவர்களைக் கெட்டவர்களாக்கினேன், வணிகனின் சரக்கு மேல் கண் வைத்த ஆட்கள் என்று. திரும்பப் படித்தபோது எனக்கே மட்டமாக இருந்தது. அப்புறம் அவர்களைத் தூக்கிவிட்டுக் காட்டுக்குள் நடக்கும் வெறும் பழிவாங்கலாக மாற்றினேன், கதையில் உப்பே இல்லை. கடைசியாக, எழுபது சிதையையும் பார்த்து நீலி அழுவதாக எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, "நீலி அழுதா அதுக்குப் பேர் என்ன?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாயிற்று.

யாராவது இப்படிப்பட்ட ஒரு பேயை, அரக்கியை நாயகியாக வைத்து எழுதியிருக்கிறீர்களா? வழி என்ன?


தெற்கத்திக்காரி:

நான் நாவல் எல்லாம் எழுதியவள் இல்லை, வாசகி மட்டும்தான். ஆனால் உங்கள் நாயகியை எனக்கு வேறு பெயரில் நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம், கன்னியாகுமரி, திருநெல்வேலி எல்லாம், அவள் இசக்கி. முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயிலே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போகிற பேருந்துக்காரர்கள் பலருக்கும் அங்கே ஒரு கும்பிடு உண்டு. எங்கள் வகுப்பில் மட்டும் இசக்கியம்மாள், இசக்கிமுத்து என்று நான்கு பேர் இருந்தார்கள். பேயின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஊரில் வளர்ந்தவள் நான், அதனால் இந்தப் 'பேயை நல்லவளாக்குவது எப்படி' என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் அவள் சிலையைப் பார்த்தால் சின்ன வயதில் எனக்குக் காய்ச்சலே வரும். கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. வாயில் இருப்பதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அதே சிலைக்கு முன்னால்தான் பிள்ளை இல்லாத பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்கிறவளிடம் போய்ப் பிள்ளை கேட்பதா என்று எங்கள் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். "பசிச்சவளுக்குத்தானே தெரியும்" என்றாள். என்ன பசி, யாருக்குப் பசி, எதுவும் சொல்லவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொடை, அதாவது கோயில் திருவிழா, நடக்கும்போது வில்லுப்பாட்டில் அவள் கதையைப் பாடுவார்கள். எங்கள் பக்கத்துக் கதையில் அவள் கோயிலில் ஆடுகிற தாசி. ஒரு பிராமணன் அவளோடு பழகி, நகைக்கு ஆசைப்பட்டு, கள்ளிக்காட்டில் தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். அந்த இடம் வரும்போது பந்தலில் ஒரு பெண் பாக்கியில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அவள் பேயாகித் திரும்பி வந்து அவன் உயிரை எடுக்கிற இடம் வரும். அதே பெண்கள் குலவை போடுவார்கள், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வந்துவிடும். நான் கவனித்தது என்னவென்றால், யாரும் அங்கே 'அவள் செய்தது சரியா' என்று கேட்பதில்லை. அழுகையும் பயமும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருக்கும். அன்று இரவு வீட்டுக்குத் திரும்பும்போது கோயில் பக்கம் திரும்பிப் பார்க்க அவர்களுக்கே தைரியம் வராது.

நீங்கள் அவளை நல்லவளாக நிரூபிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் இடிக்கிறது.


சந்தேகப்பிராணி:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகைக் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. மேற்கே ரத்தக் காட்டேரிகளைப் பிடித்து வந்து காதலர்களாக்கினார்கள், அப்புறம் சூனியக்காரிக்கு ஒரு சோகப் பின்கதை, ராட்சசனுக்கு ஒரு சோகப் பின்கதை. அந்தக் காற்று இப்போது இங்கேயும் அடிக்கிறது. நூறாவது பக்கத்தில் ஒரு பிளாஷ்பேக், அதில் மழை, அதில் ஒரு அநியாயம், உடனே நாம் உச்சுக் கொட்ட வேண்டும். கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலியைக்கூட விடவில்லை, அவளும் இன்றைக்குச் சினிமாவில் சாகச நாயகி. படம் பார்த்தேன், பிடித்திருந்தது, அது வேறு விஷயம். ஆனால் திரையரங்கில் இருந்து வந்த பிறகு புளியமரத்தடியில் தனியாக நடக்க எனக்குப் பயம் வரவில்லையே. எட்டு வயதில் பாட்டி சொன்னபோது வந்த பயத்துக்கு யார் நஷ்டஈடு தருவது?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கதையில் நாயகன் நீலி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பழைய நூல்களில் இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு நீலி மேல் எந்த அக்கறையும் கிடையாது. தொண்டைமண்டல வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் என்று காட்டுவதற்குத்தான் கதை. நீலி அதில் வெறும் ஆயுதம். தீக்குழி இருந்தால்தானே இறங்க முடியும், தீ மூட்டுவதற்கு ஒரு பேய் வேண்டும். அந்தக் கதையைத் திருப்பிப் போட்டு எழுபது பேரையும் ஓரத்தில் நிற்கும் துணை நடிகர்களாக்கினால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பேய்க்கு நியாயம் செய்யப் போய் மனிதர்களுக்கு அநியாயம் செய்யாதீர்கள். பேய் பேயாகவே இருக்கட்டும் சார்.


பழைய ஏடு:

சந்தேகப்பிராணி சொல்வதில் பாதி சரி. உமாபதி சிவம் எழுதியதாகச் சொல்லப்படும் சேக்கிழார் புராணத்தில் இந்தக் கதை வேளாளர் பெருமையாகத்தான் வருகிறது, வணிகன் உயிர் இழந்ததும் எழுபது பேரும் செந்தீக் குழியில் மூழ்கினார்கள் என்று. அது 14ஆம் நூற்றாண்டு. ஆனால் அதற்கு எழுநூறு வருடத்துக்கு முன்பே சம்பந்தர் தேவாரத்தில் ஒரு வரி இருக்கிறது: 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்' என்று. அந்த வரியில் எழுபதும் இல்லை, தீக்குழியும் இல்லை. ஒருத்தி இருக்கிறாள், வஞ்சம் இருக்கிறது, அதைக் கேட்டு அஞ்சுகிற ஊர் இருக்கிறது. ஆகவே அவள் வெறும் ஆயுதம் என்பது பின்னால் வந்த ஏற்பாடாகவும் இருக்கலாம்.

அந்தப் பதிகம் பிறந்த கதையே ஒரு நாவலுக்கு ஆகும். திருவாலங்காட்டில் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தார் என்பதால் அந்த மண்ணில் கால் வைக்கக் கூசி, சம்பந்தர் பக்கத்தில் இருக்கும் பழையனூரிலேயே தங்கிவிடுகிறார். இரவு கனவில் இறைவன் வந்து எம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்க, எழுந்து இந்தப் பதிகத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. காரைக்கால் அம்மையார் யார்? கணவன் விட்டுவிட்டுப் போனதும் உடம்பின் அழகை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர், பாட்டின் முடிவில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே கையெழுத்துப் போட்டவர். வற்றிய மார்பு, எழுந்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல் என்று ஒரு பெண்பேயை அவர் வருணிப்பதைப் படித்துப் பாருங்கள், அருவருப்பு துளியும் இருக்காது. ஒரே ஊர் எல்லையில் இரண்டு பெண்பேய்கள். இரண்டு பேருமே வணிகன் மனைவியர் என்று வைத்துப் பாருங்கள். ஒருத்தியைக் கும்பிட்டுக்கொண்டே இன்னொருத்தியை நினைத்து நடுங்குகிறது ஒரு பாட்டு.

அப்புறம் பேயை நாயகியாக்குவது மேற்கத்திய மோஸ்தர் என்பது தவறு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி என்ன கதை? வடக்கே ஒரு சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் இருக்கிறார். காளிக்கு ஆடு வெட்ட வந்தவர்களிடம் மண்ணால் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பலி போன கோபத்தில் காளி, அவரை விரட்டுவதற்குத் தெற்கே பழையனூரில் இருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், அழகான பெண்ணாக வந்து மயக்கப் பார்க்கிறாள், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டுச் சமணத்துக்கு வந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வைதிகர் என்று எல்லோரையும் வாதத்தில் வெல்கிறாள். கடைசிச் சருக்கம் பூதவாதம், அதாவது உயிர் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் பூதங்களின் சேர்க்கை என்று சொல்கிறவர்களோடு வாதம். உயிர் உண்டா இல்லையா என்று ஒரு முன்னாள் பேயிடமே வாதாட வருகிறார்கள் பாருங்கள்! இந்த நகைச்சுவையை எழுதியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மைக்கூடு, இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. முதல் சருக்கத்தில் நீலி திருந்திய கணமே அவளிடம் இருந்து பேய் போய்விடுகிறது. மிச்சம் ஒன்பது சருக்கமும் ஒரு கெட்டிக்கார வாதி பேசுகிறாள், பழையனூர்க்காரி பேசவில்லை. பசி போய்விட்டது, கோபம் போய்விட்டது, பல் போய்விட்டது. நான் அந்த நூலை மதிக்கிறேன், தர்க்கத்துக்காக இரண்டு முறை படித்திருக்கிறேன், ஆனால் ஒரு வரியில்கூட அவளை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. அவள் எதிர்த்து வாதாடும் பௌத்தப் பெண் குண்டலகேசியோ, தன்னை மலையில் இருந்து தள்ள வந்த கணவனைத் தானே முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள். அந்த இரண்டு பெண்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச எத்தனையோ இருக்கிறது. நூலில் அவர்கள் பேசுவது சமயம் மட்டும்தான்.

இன்னொரு நீலியும் உண்டு, விட்டுவிடாதீர்கள். சிலப்பதிகாரம் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதையில் வருகிறாள். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வணிகம் செய்த சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைக்கிறான் பரதன். சங்கமன் மனைவி நீலி தெருத்தெருவாக முறையிட்டு அலைந்துவிட்டு, பதினான்காம் நாள் ஒரு மலை மேல் ஏறிச் சாபமிட்டு உயிரை விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான் என்கிறது காப்பியம். அதாவது அந்தக் கணக்குப்படி கோவலன் கழுத்தில் விழுந்தது நீலியின் சாபம். நீலி என்று பெயர் வைத்தாலே நம் இலக்கியத்தில் ஒருத்தி நியாயம் கேட்டுத் தெருவில் நிற்கிறாள்.


மைக்கூடு:

பழைய ஏடு ஐயா, மூன்று மாதத்தில் நான் படிக்காததை ஒரே பதிலில் கொட்டிவிட்டீர்கள். சிலப்பதிகார நீலியை நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

தெற்கத்திக்காரி அக்கா, உங்கள் ஆச்சி சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன். அவளை நல்லவளாக நிரூபிக்கப் பார்த்தேன் என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். சரி, நிரூபிக்கவில்லை. ஆனாலும் எழுபது பேர் அங்கேயே நிற்கிறார்களே. தீக்குழி பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டு.


கடைசி பெஞ்ச்:

நான் கீழ்நீதிமன்றத்தில் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். இலக்கியம் தெரியாது, ஆனால் விசாரணை எத்தனையோ பார்த்தாயிற்று. இந்தக் கதையை இங்கேதான் முழுசாகப் படித்தேன், படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

சபை எடுத்துக்கொண்ட கேள்வி, 'இவள் இவன் மனைவியா இல்லையா' என்பது மட்டும்தான். அதற்குச் சாட்சி தேடினார்கள், குழந்தை 'அப்பா' என்றது, முடிந்தது. யாருமே 'உன் மனைவி எங்கே, அவளுக்கு என்ன ஆயிற்று' என்று அவனைக் கேட்கவில்லை. அவன் இவள் பேய் என்கிறான். பேய் என்றால் செத்தவள். செத்தவள் என்றால் எப்படிச் செத்தாள்? ஒரு சாதாரணக் குறுக்கு விசாரணை. எழுபது பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. குடும்பம் சேர்ந்துவிட வேண்டும், புருஷன் பெண்டாட்டி சண்டை ஊருக்குள் வேண்டாம், ராத்திரி ஒன்றாகத் தங்கினால் காலையில் சரியாகிவிடும். இந்தத் தீர்ப்பை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா. சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பி வைத்த பெண்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. இந்தக் கதையில் திரும்பி வராதவன் ஆண், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் அந்த எழுபது பேரைக் கெட்டவர்களாக்காதீர்கள். நல்லவர்கள், நேர்மையானவர்கள், சொன்ன சொல்லுக்கு நெருப்பில் இறங்கும் அளவுக்கு நேர்மையானவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. அதை எழுதினாலே போதும் என்று எனக்குப் படுகிறது.

ஒரு சந்தேகம். அவன் கொன்றது இந்தப் பிறவியிலா, போன பிறவியிலா?


மைக்கூடு:

ஐயா, படித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் நாலு சுற்று நடந்தேன்.

இரண்டு மாதிரியும் சொல்வார்கள். ஒரு வடிவத்தில் அவன் கொன்றது முற்பிறவியில், இந்தப் பிறவியில் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் இதே பிறவியில் கொன்றவன். நான் இதுவரை முற்பிறவி என்றுதான் எழுதியிருக்கிறேன், மாயம் நிறைய வைக்கலாம் என்று.


கடைசி பெஞ்ச்:

இந்தப் பிறவி என்று மாற்றுங்கள். அப்போதுதான் சபையில் அவன் வாய் அடைபடும். இவள் பேய் என்று நிரூபிக்க அவனிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: நான்தான் கொன்றேன், புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எழுபது பேரும் பிழைத்துக்கொள்வார்கள். அவன் சொல்லவில்லை. அப்படியானால் எழுபது பேரையும் நெருப்பில் இறக்கியதில் அவனுக்கும் பங்கு உண்டு. நீலிக்கு வெறும் பழி மட்டும் வேண்டுமென்றால் காட்டிலேயே முடித்திருக்கலாமே, ஊர்ச்சபை வரை ஏன் வந்தாள்? அவன் வாயால் அதைச் சொல்ல வைப்பதற்காக வந்தாள் என்று வையுங்கள்.


பழைய ஏடு:

மிக நல்ல வாசிப்பு. ஆனால் நான் முற்பிறவி பக்கம்தான் நிற்பேன், அதுதான் எழுதக் கடினமானது. நினைவே இல்லாத ஒருவனை, தன்னளவில் ஒரு தப்பும் செய்யாத ஒருவனை, அவள் கொல்கிறாள் என்றால் வாசகர் எங்கே நிற்பார்? அப்போதும் அவள் பக்கம் நிற்க வைக்க முடிந்தால் மைக்கூடு பெரிய எழுத்தாளர். கோவலனும் அப்படித்தானே, பரதனாக இருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.


சந்தேகப்பிராணி:

மைக்கூடு பெரிய எழுத்தாளராவது அப்புறம் இருக்கட்டும், முதலில் புத்தகம் முடியட்டும். இந்தப் பிறவி என்றே எழுதுங்கள்.

கடைசி பெஞ்ச் சொன்னது என் வாயை அடைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அந்த எழுபது பேரையும் ஓரத்தில் ஒதுக்காமல் எழுத வழி இருக்கிறது என்றால் என் முக்கால் புகார் தீர்ந்தது. மிச்சம் கால் புகார் பயத்தைப் பற்றி. அதற்கு ஒரு யோசனை: கலிங்கத்துப்பரணிப் பேய்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். காளி கோயிலில் பட்டினி கிடந்து வயிறு ஒட்டிப்போன பேய்கள், போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிப்போய்ப் பிணங்களைப் போட்டுக் கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய், கனவு கண்ட பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறார்கள், கல்யாணப் பந்தி மாதிரி. நாம் சிரிக்கிறோம், பசி நமக்குப் புரிகிறது, பாவமாகக்கூட இருக்கிறது. ஆனால் அண்டாவில் கொதிப்பது என்ன என்பதை செயங்கொண்டார் ஓர் இடத்திலும் மறைக்கவில்லை. ஒரு சோக பிளாஷ்பேக்கும் கிடையாது. நீங்களும் அவன் சாகும் இரவை இருட்டில் விட்டுவிட்டு மறுநாள் காலைக்குத் தாவிவிடாதீர்கள். அவள் என்ன செய்தாள் என்பதை முழுசாக எழுதுங்கள். எழுதிவிட்டு அப்புறம் வேண்டுமானால் எங்களை இரக்கப்படச் சொல்லுங்கள்.


தெற்கத்திக்காரி:

கடைசி பெஞ்ச் அண்ணன் சாட்சி என்று எழுதியதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது, எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் பக்கத்துக் கதையில் அவளைக் கொல்லும்போது அந்தக் காட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் அவள் சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். கள்ளியே நீதான் சாட்சி என்று. அப்புறம் பேயாகி வரும்போது எதை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறாள்? கள்ளியைத்தான். நான் இத்தனை வருடம் இதை மாயவித்தை என்று மட்டுமே நினைத்திருந்தேன். இப்போதுதான் உறைக்கிறது, அவள் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனது கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியை. அந்தச் சாட்சியைக் கீழே இறக்கிவிட்டு, உன் அப்பா யார் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

கள்ளி என்றதும் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது, எழுதவே கை கூசுகிறது. பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் கொடுத்தார்கள் சில ஊர்களில். உசிலம்பட்டி பக்கத்துச் செய்திகள் வந்த காலத்தில் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதையில் அந்தக் கள்ளிப் பிள்ளை பெண் பிள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும்? விடிந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று யாரும் பாடிக் கேட்டதில்லை நான்.


மைக்கூடு:

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று இரவு பதினோரு மணிக்குப் படித்தேன். அப்போது உட்கார்ந்தவன் மூன்றரைக்குத்தான் எழுந்தேன்.

இருநூறு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டேன். தூக்கிப் போடவில்லை, அதில் காடு நன்றாக வந்திருக்கிறது, எடுத்துக்கொள்வேன். புதிதாகக் கதையைச் சொல்வது அந்தக் கள்ளிப் பிள்ளை. பெண் பிள்ளை. அவளுக்கு ஆயுள் ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும்தான். கல் விழுந்ததைச் செடியாக நின்று பார்த்தவள், சபையில் பிள்ளையாக நிற்கிறாள். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று எழுபது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். எழுபது பேருக்கும் தனித்தனியாக ஒரு வரியாவது கிடைக்கும், சந்தேகப்பிராணி சாருக்காக. ஒருத்தர் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார், ஒருத்தருக்கு வீட்டில் மருமகளுக்கு வலி எடுத்திருக்கிறது, ஒருத்தர் கேட்க வாயெடுத்துவிட்டுப் பெரியவர்கள் பேசும்போது வேண்டாம் என்று அடக்கிக்கொள்கிறார். கடைசியில் 'உன் அப்பாவிடம் போ' என்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆண் அவன்தான். போகிறாள்.

பிறவி விஷயத்தில் கடைசி பெஞ்ச் ஐயா சொன்னபடி இந்தப் பிறவிதான். பழைய ஏடு ஐயா மன்னிக்க வேண்டும், அந்த அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. இரவு நடப்பதையும் மறைக்கப் போவதில்லை, பிள்ளை திண்ணையில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். விடிந்த பிறகு தீக்குழிக்கு விறகு பொறுக்குகிறார்கள் இல்லையா, அங்கே வரைக்கும் போயிருக்கிறேன், அதற்கு மேல் நேற்று முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காடு போகலாம் என்று இருக்கிறேன். போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


பழைய ஏடு:

மன்னிப்பு எல்லாம் எதற்கு, எழுதுங்கள். சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் மின்தொடர் வண்டியில் ஏறினால் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கோயில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆட்டோ கிடைக்கும். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் அது இரத்தின சபை, கையோடு காரைக்கால் அம்மையாரையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழையனூர் பக்கத்திலேயேதான். நடுப்பகலில் போகாதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும்.


தெற்கத்திக்காரி:

வழியில் கள்ளி நின்றால் பார்ப்பதோடு விட்டுவிடுங்கள் தம்பி. எழுதுவதற்காக என்று கொப்பை ஒடித்துப் பார்க்காதீர்கள். பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.